கோல்ட்ஸ்மித்தின் சிரிப்பும் கண்ணீரும்

பள்ளிக்கூடத்தில் எமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ‘தி டெசேட்டட் விலேஜ்’ என்னும் ‘கைவிடப்பட்ட கிராமம்’ கவிதையைப் படிப்பிக்கையில், கிராமத்து உபாத்தியாயரைப் பற்றிய பகுதி வந்ததும் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிடுவார். அப்பகுதி அவருக்கு மனப்பாடம். உபாத்தியாயரின் முகத்தைக் காலையிற் பார்த்தே அன்று தமக்கு நேரவிருப்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வர் என்றும், அவர் வேடிக்கை சொன்னாற் சிரிப்பு வராவிட்டாலும் சிரித்துவைப்பர் என்றும், இத்துணைச் சிறிய தலைக்குள் இத்துணை அறிவும் எவ்வாறு அடங்கிற்று என்று ஊரார் வியப்பர் என்றும் கவிஞர் பாடுமிடத்தில் வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஆசிரியரும் சிரிப்பார். அடுத்த கணமே அவருடைய குரல் தாழும். அந்த உபாத்தியாயரும் இல்லை. அவருடைய புகழும் இல்லை. அவர் ஆட்சி செலுத்திய இடமும் மறக்கப்பட்டுவிட்டது என்று கவிதை சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தமும் இராது.

சில ஆண்டுகளின் பின்னர், ஆங்கில நாடக வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, அதே ஒலிவர் கோல்ட்ஸ்மித் எழுதிய சிறு கட்டுரையொன்று என் கைக்கு எட்டியது. 1773 ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியானது அது. சிரிக்கவைக்கும் இன்பியல் நாடகத்தையும் அழவைக்கும் இன்பியல் நாடகத்தையும் ஒப்புநோக்கும் அக்கட்டுரையில், அழவைக்கும் நாடகத்தை அவர் இரக்கமின்றி எள்ளியிருந்தார். எனக்குத் திகைப்பாயிருந்தது. 1770இல் எம்மை அழவைக்கும் கவிதையை எழுதியவர், 1773இல் அழுகைக்கு எதிராக வழக்காடுவதா? இலக்கிய வரலாற்று நூல்கள் சில இதற்கு எளிதாக விடை கூறிவிடுகின்றன. கோல்ட்ஸ்மித் முன்பின் முரணான மனிதர். போட்டி நாடகாசிரியர்மீது பொறாமை கொண்டவர். ஆதலால் அப்படியும் எழுதினார், இப்படியும் எழுதினார் என்பது அவற்றின் முடிபு. அவர் பொறாமைக்காரர் என்பது பொய்யன்று. ஆயினும் இம்முடிபை நான் ஏற்கவில்லை. இக்கட்டுரை அதன் காரணத்தைக் கூறுவதற்கே எழுதப்படுகிறது. நம்மிடையே விமரிசனம் செய்வோரிற் சிலர், ஒரு படைப்பைத் தள்ளிவிட விரும்பினால் ‘வெறும் உணர்ச்சிப் பெருக்கு’ என்ற மூன்று சொற்களோடு தம் கடமையை முடித்துக்கொள்வதுண்டு. கோல்ட்ஸ்மித்தின் வழக்கை ஊன்றிக் கவனித்தவர் அச்சொற்களை அத்துணை எளிதாக எறியத் துணியார்.

அழவைக்கும் இன்பியல் நாடகம் எவ்வாறு தோன்றியது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும். 1660இல் இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டபின் எழுந்த இன்பியல் நாடகங்கள் கூர்மையான நகையும் தளர்ந்த ஒழுக்கமும் உடையன. நகரத்து வணிகன் அவற்றிற் பெரும்பாலும் ஏமாளி. பிரபு வீட்டு இளைஞனால் வஞ்சிக்கப்படுபவன். 1698இல் ஜெரமி கோலியர் என்னும் மதகுரு மேடையின் ஒழுக்கக்கேட்டைக் கண்டித்து நூல் எழுதினார். அதைவிட முக்கியமான மாற்றம் பார்வையாளரிடையே நிகழ்ந்தது. கடல் வாணிகத்தாற் செல்வம் பெற்ற குடும்பங்கள் அரங்குக்கு வரத் தொடங்கின. பணங் கொடுத்து நுழைபவன் தன்னையே கோமாளியாகக் காண விரும்புவானா?

இப்புதிய பார்வையாளருக்கு உகந்த நாடகத்தை 1722 நவம்பரில் ரிச்சர்ட் ஸ்டீல் ட்ரூரி லேன் அரங்கில் அளித்தார். அந்நாடகத்தின் தலைவன் பெவில் தன்னைப் போருக்கு அழைத்த நண்பனோடு வாளெடுத்துப் பொருதாமல், பொறுமையால் அவனை வெல்கிறான். சீலண்ட் என்னும் வணிகர், வணிகரும் மதிப்புக்குரிய குலத்தவரே என்று ஓர் உயர்குடியினரின் முன்னே நிமிர்ந்து பேசுகிறார். இறுதியில், காணாமற்போன தம் மகளை ஓர் அணிகலனைக் கொண்டு அவர் அடையாளங் காண்கிறார். அரங்கம் அழுகிறது. சிரிப்புக்கு எட்டாத மகிழ்ச்சியும் உண்டு என்பது இதற்கு ஸ்டீல் கூறிய நியாயம். இந்நாடகத்தை இழித்துரைப்பது எளிது; நான் இழித்துரைக்கேன். மானத்தின் பெயரால் ஒருவரையொருவர் குத்திக் கொல்வது வழக்கமாயிருந்த சமுதாயத்தில், வாளை உறையிலிடுவதே வீரம் என்று மேடையிற் காட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

பின்வந்தோரிடம் அத்துணிவு இருக்கவில்லை. 1737இல் நிறைவேறிய சட்டமொன்று, அரண்மனை அதிகாரியின் அனுமதியின்றிப் புதிய நாடகம் எதுவும் மேடையேறலாகாது என்று விதித்தது. ட்ரூரி லேன், கொவென்ட் கார்டன் ஆகிய இரு அரங்குகளுமே இலண்டனில் நாடகத்துக்கு உரிமை பெற்ற இடங்களாயின. ஆட்சியாளரைக் குத்திக்காட்டி வந்த ஹென்றி பீல்டிங் மேடையை விட்டு நாவலுக்குச் சென்றார். நகைக்கு ஆபத்துண்டு, கண்ணீருக்கு ஆபத்தில்லை. நற்குணமும் நல்ல உடையும் கொண்ட மாந்தர் நான்கு அங்கங்களுக்குத் துன்புற்று ஐந்தாம் அங்கத்திற் பெருஞ்செல்வம் எய்தும் நாடகத்தை எந்த அதிகாரிதான் தடுப்பார்?

கவிதையிலும் இக்காலத்தில் உள்ளம் உருகுதல் ஒரு நாகரிகமாகியது. 1742 முதல் எட்வர்ட் யங் இரவையும் மரணத்தையும் பற்றிய நீண்ட கவிதையைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1751இல் தோமஸ் கிரேயின் கல்லறைப் பாடல் வெளியானது. ‘சென்ரிமென்ரல்’ என்னும் சொல் அப்பொழுது வசைச்சொல் அன்று; புகழ்ச்சொல். நாகரிகமானோர் வாயிலெல்லாம் வழங்கும் இச்சொல்லுக்கு என்னதான் பொருள் என்று சீமாட்டி ஒருவர் 1749இல் நாவலாசிரியர் ரிச்சர்ட்சனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். 1768இல் லோரன்ஸ் ஸ்ரேணின் பயண நூலும், 1771இல் ஹென்றி மெக்கென்சியின் ‘உணர்ச்சியுள்ள மனிதன்’ என்னும் நாவலும் வெளிவந்தபோது, பிறர் துன்பங் கண்டு அழக்கூடியவனே உயர்ந்தவன் என்பது ஏறத்தாழ ஒரு கொள்கையாகிவிட்டது. இக்கொள்கை முற்றிலும் வீண் என்று கூறுதல் நேர்மையாகாது. அடிமைக் கப்பலிற் பிறந்தவர் என்று சொல்லப்படும் இக்னேஷியஸ் சாஞ்சோ 1766இல் ஸ்ரேணுக்குக் கடிதம் எழுதி, அடிமைகளின் துயரைக் குறித்து எழுதுமாறு வேண்டினார். ஸ்ரேண் அதற்கு இணங்கினார். உருகும் உள்ளம் ஒரு வாயிலைத் திறந்துவைத்தது என்பதில் ஐயமில்லை. அவ்வாயில் வழியாக யார் யார் உள்ளே விடப்பட்டனர் என்பதே கேள்வி.

இத்தகைய இலண்டனுக்கே 1756இல் கோல்ட்ஸ்மித் கையிற் காசின்றி வந்துசேர்ந்தார். அயர்லாந்தின் ஏழை மதகுரு ஒருவரின் மகன் அவர். டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியில் வசதியுள்ள மாணவருக்குப் பணிவிடை செய்து கல்வி பெறும் ஏழை மாணவராயிருந்தவர். எடின்பரோவிலும் லெய்டனிலும் மருத்துவம் படிக்க முயன்றவர். ஐரோப்பாவிற் பெரும்பகுதியைக் கால்நடையாகச் சுற்றியவர். இலண்டனில் மருத்துவம் பார்த்தார், பள்ளியில் உதவியாசிரியராயிருந்தார், பின்னர் பதிப்பாளருக்குக் கூலிக்கு எழுதினார். வறுமையைப் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவரல்லர்.

1768 சனவரியில் அவருடைய முதல் நாடகமான ‘நல்லியல்பினன்’ கொவென்ட் கார்டனில் மேடையேறியது. அதற்கு ஆறு நாள் முன்னதாக ட்ரூரி லேனில் ஹியூ கெலி என்பவரின் ‘போலி நயப்பாங்கு’ அரங்கேறியிருந்தது. கெலியும் அயர்லாந்தினரே, அவருடைய நாடகம் கண்ணீர் வகையைச் சேர்ந்தது. ஊர் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. அது பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. கோல்ட்ஸ்மித்தின் நாடகத்தில், கடனுக்காக வந்த சேவகர் இருவரைத் தலைவன் காதலியின் முன் தன் நண்பர்களாக நடிக்கவைக்கும் காட்சியொன்று உண்டு. நாடகத்திலேயே மிகச் சிறந்த நகை அதுதான். பார்வையாளர் அதைச் சீழ்க்கையடித்து வெறுத்தனர். ‘கீழ்த்தரம்’ என்பது அக்காலத்து விமரிசகர் கையிலிருந்த பிரம்பு. சேவகர் பேச்சைக் கேட்க நாகரிகமானவர் காசு கொடுப்பாரா? அக்காட்சி மேடையிலிருந்து நீக்கப்பட்டது. அச்சில் மட்டும் கோல்ட்ஸ்மித் அதைத் திரும்பச் சேர்த்தார்.

அன்றிரவு அவர் சாமுவேல் ஜோன்சன் முதலிய நண்பர்கள் கூடும் கழகத்துக்குச் சென்று, ஒன்றும் நிகழாதது போலச் சிரித்துப் பேசித் தமக்குப் பிடித்த வேடிக்கைப் பாட்டொன்றையும் பாடினார். எல்லோரும் போனபின், ஜோன்சன் ஒருவரே எஞ்சியிருக்கையில், வாய்விட்டு அழுதார். இனி எழுதுவதில்லை என்று சூளும் உரைத்தார். இதைப் பின்னொரு நாள் விருந்தொன்றில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னாராம். சிரிப்பு நாடகத்துக்காக ஒரு மனிதன் இவ்வாறு அழுதிருக்கிறான்.

இனி அந்த 1773 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். அதிற் கண்ணீரைப் பற்றிய கண்டனம் உண்மையில் மிகக் குறைவு. கோல்ட்ஸ்மித்தின் முறைப்பாடு வேறு. இந்நாடகங்களின் மாந்தர் எல்லோரும் நல்லவர், வள்ளல்கள். மேடையிலே தகரக் காசைத் தாராளமாக வழங்குவர். அவர்களிடம் குற்றங் குறை இருந்தாலும் நல்லுள்ளம் படைத்தவர் என்ற காரணத்தால் மன்னித்துவிடுமாறு, மன்னிப்பதோடு நில்லாமற் பாராட்டுமாறும், பார்வையாளருக்குக் கற்பிக்கப்படுகிறது என்கிறார். இதுவே கட்டுரையின் உயிர். அழுகிறவன் தன்னையே மெச்சிக்கொள்கிறான். மேடையில் இருப்பவன் நல்லவன். அவனுக்காக அழும் நானும் நல்லவன். ஆகவே என் குறைகளும் மன்னிக்கப்பட்டன. அரங்கைவிட்டு வெளியேறும்போது அவன் யாருக்கும் கடன்பட்டவனல்லன்.

இதற்கு நல்ல உதாரணம் ரிச்சர்ட் கம்பர்லண்ட் எழுதி 1771 சனவரியில் ட்ரூரி லேனில் மேடையேறிய ‘மேற்கிந்தியன்’. அதன் தலைவன் பெல்கூர் யமேக்காத் தோட்டச் செல்வத்துக்கு உரியவன்; முன்கோபி, பெண்கள் விடயத்திற் கண்மூடித்தனமானவன்; எனினும் நல்லுள்ளம் கொண்டவன். வறுமையுற்ற முதிய படைவீரர் ஒருவருக்கு 200 பவுணை எண்ணிப்பாராது அள்ளிக் கொடுக்கிறான். அரங்கம் உருகியது. கம்பர்லண்டின் நோக்கம் கெட்டதன்று. பிற நாடகாசிரியர் ஏளனஞ் செய்தவர்களை நல்லவராகக் காட்டுவது அவருடைய இலட்சியம். ஆனால் அந்த 200 பவுண் எங்கிருந்து வந்தது? யமேக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்ட ஆபிரிக்கரின் முதுகிலிருந்து வந்தது. அவர்களுக்காக அழுமாறு அந்நாடகம் எவரையும் கேட்கவில்லை. கோல்ட்ஸ்மித் இவ்வுதாரணத்தைக் கூறவில்லை. இது என் சேர்க்கை. அவருடைய வாதம் இங்கே கொண்டுவந்து விடுகிறது என்பதே என் கருத்து.

இப்போது ‘கைவிடப்பட்ட கிராமம்’ எவ்வகைக் கண்ணீர் என்று கேட்கலாம். 1770 மே மாதம் வெளியாகி, அவ்வாண்டிலேயே பல பதிப்புகளைக் கண்ட கவிதை இது. ஓபேர்ன் என்னும் கிராமம் அழிந்துவிட்டது. பசும்புற்றரையில் ஆடிய இளைஞர், ஆண்டுக்கு 40 பவுணில் தன்னைச் செல்வனாகக் கருதி வாழ்ந்த மதகுரு, உபாத்தியாயர், ஊர் மது மனை, எல்லாம் போயின. நீரோடையிற் கீரை பறித்தும் முள் பொறுக்கியும் உயிர் வாழும் கைம்பெண் ஒருத்தியே எஞ்சியிருக்கிறாள். ஊரின் வரலாற்றைச் சொல்ல அவளன்றி வேறொருவர் இல்லை.

இவ்வழிவுக்குக் காரணம் புயலுமன்று, கொள்ளைநோயுமன்று. செல்வன் ஒருவன் தன் பூங்காவுக்கும் ஏரிக்கும் குதிரைகளுக்கும் வேட்டை நாய்களுக்கும் இடம் வேண்டுமென்று ஊரை விழுங்கிவிட்டான். அக்காலத்தில் பாராளுமன்றச் சட்டங்களின் துணையோடு ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு நிலவுடைமையாளரின் தனிச்சொத்தாகி வந்தன. பொதுநிலத்தில் ஒரு பசுவையோ சில வாத்துகளையோ மேய்த்தும், விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழைக்கு, ஏட்டில் நிலம் எதுவும் இல்லாமையால், இழப்பீடும் பெரும்பாலும் இல்லை. இதற்கும் மேலாக, காட்சி அழகுக்காக ஊரையே பெயர்த்த பிரபுக்களும் இருந்தனர். ஒக்ஸ்போர்ட் அருகே நியூனம் கோர்ட்னி என்னும் கிராமத்தை 1760களில் ஹாக்கோட் பிரபு இடித்துத் தம் பூங்காவை விரித்து, குடிகளுக்கு நெடுஞ்சாலையோரம் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார். கோல்ட்ஸ்மித்தின் மனத்தில் இவ்வூர் இருந்திருக்கலாம் என்பர் அறிஞர் பலர். அவர் வளர்ந்த அயர்லாந்தின் லிசோய் என்பார் வேறு சிலர். ஓர் ஊரா இரண்டூரா என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஓவியர் ஜோசுவா ரெனோல்ட்ஸுக்குக் கவிதையைக் காணிக்கையாக்கி எழுதிய முகவுரையில் அவர் சொல்வதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஊர்கள் ஆளற்றுப்போவது கவிஞனின் கற்பனை என்று நண்பர்கள் மறுப்பார்கள் என்பது தமக்குத் தெரியும் என்றும், நான்கைந்து ஆண்டுகளாக நாட்டுப்புறஞ் சென்று இயன்றமட்டும் ஆராய்ந்தே இதனைக் கூறுவதாகவும் எழுதுகிறார். அழுகைக்கு முன் சாட்சியம் தேடிய கவிஞர் அவர். 1762இலேயே ஒரு செய்தித்தாளில் இது குறித்து அவர் எழுதியிருந்தார்.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைத்தார். அழுகைக்கு நான்கு நிலைக்களங்களைக் கூறினார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதலும், உரியவற்றை இழத்தலும், பண்டைய நிலை குலைந்து தளர்தலும், நுகர ஒன்றும் இன்மையும் என இவற்றை விளக்கலாம். கோல்ட்ஸ்மித்தின் ஊரார் இந்நான்குக்கும் உரியவர். கவிதையின் பிற்பகுதியில், ஊரைவிட்டு நகருக்குச் சென்ற பெண்ணொருத்தி செல்வர் வீட்டு வாசலிற் குளிரில் நடுங்கிக் கிடக்கிறாள், அது இளிவு. அசைவு கவிதை முழுவதிலும் உண்டு. கெலியின் நாடகத்து மாந்தரையோ கம்பர்லண்டின் பெல்கூரையோ இவ்வட்டவணையில் வைத்துப் பார்த்தால், அவர்கள் இழப்பதெல்லாம் திரை விழுமுன் வட்டியோடு திரும்பிவிடுகிறது. கவிதைக்கு ஐந்தாம் அங்கம் இல்லை. கப்பலேறியவர் திரும்பவில்லை. இக்கண்ணீர் படிப்பவனை மெச்சுவதில்லை. இதை யார் செய்தார், அவர் நமக்கு என்ன முறை என்று கேட்கிறது. வாணிகச் செல்வத்தை ஸ்டீல் மேடையிலேற்றி வாழ்த்தினார். அச்செல்வம் நாட்டுப்புறத்தில் என்ன செய்தது என்பதைக் கோல்ட்ஸ்மித் பாடினார்.

கவிதையிற் குறையில்லை என்று நான் வாதாடவில்லை. குடிபெயர்ந்தோர் சென்ற அமெரிக்காவின் ஜோர்ஜியாக் காட்டிலே தேளையும் பாம்பையும் வைத்ததோடு நில்லாமல் புலியையும் பதுங்கவைத்துவிட்டார் நம் கவிஞர்! அது போகட்டும். முந்தைய ஓபேர்னை அவர் தீட்டிய வண்ணம் மிக இனிமையானது. அவ்வூரில் எவரும் பசித்ததாகவோ நோயுற்றதாகவோ காணோம். 1783இல் ஜோர்ஜ் கிராப் ‘கிராமம்’ என்னும் கவிதையால் இதற்கு மறுமொழி கூறினார். சபோக் கரையோர ஊரான ஓல்ட்பரோவிற் பிறந்து, சிறிது காலம் மருத்துவத் தொழிலும் செய்தவர் அவர். மண் சுவரும் உடைந்த கதவுமுள்ள ஏழை விடுதி, நோயாளியை ஏறெடுத்தும் பாராது ஓடும் மருத்துவன், வேட்டையிற் களிக்கும் மதகுரு ஆகியவற்றை அவர் காட்டுகிறார். கோல்ட்ஸ்மித் இறந்து ஒன்பது ஆண்டுகளின் பின் இக்கவிதையின் கையெழுத்துப் பிரதியைத் திருத்திக் கொடுத்தவர் ஜோன்சன். ‘கைவிடப்பட்ட கிராமத்தின்’ இறுதி நான்கு அடிகளை எழுதியவரும் அவரே. கிராப்பின் குற்றச்சாட்டு நியாயமானது. எனினும் கிராப்பைப் படித்தபின் எனக்குக் கோல்ட்ஸ்மித் சிறியவராகத் தோன்றவில்லை. கிராப்பின் ஏழைக்கு ஊர் ஒரு சிறை, ஆனால் அச்சிறையையும் பறிகொடுத்தவனைப் பற்றி அவர் பாடவில்லை.

இனிச் சிரிப்பு. ‘ஷீ ஸ்டூப்ஸ் டு கொங்கர்’, அஃதாவது ‘பணிந்து வென்றாள்’, 1773 மார்ச் 15ஆம் நாள் கொவென்ட் கார்டனில் மேடையேறியது. அரங்க முகாமையாளர் ஜோர்ஜ் கோல்மனுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. பேர்பெற்ற நடிகர்கள் சிலர் வேடத்தை மறுத்தனர். இரண்டாந்தர நடிகருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நாடகத்தின் பெயர்கூட இறுதி நேரத்திலேதான் முடிவாயிற்று. முன்னுரைப் பாடலை எழுதிய டேவிட் கரிக், துக்க உடை அணிந்த நடிகரொருவரை மேடைக்கு அனுப்பி, இன்பியற் கலை சாகக் கிடப்பதாகப் புலம்பவைத்தார். தொடக்கம் பொருத்தமானதே.

கதை பலரும் அறிந்தது. மார்லோ என்னும் இளைஞன் தனக்கு நிச்சயிக்கப்படவிருக்கும் பெண்ணைக் காண நண்பனுடன் வருகிறான். வழியில் டோனி லம்ப்கின் என்னும் குறும்பன் பெண்வீட்டையே ஒரு சத்திரம் என்று சொல்லிவிடுகிறான். மாமனாராக வரவிருப்பவரைச் சத்திரக்காரன் என்று எண்ணி இருவரும் அதட்டுகின்றனர். கோல்ட்ஸ்மித்தே இளமையில் ஒரு கனவான் வீட்டைச் சத்திரமென்று எண்ணி இரவு தங்கியதாக ஒரு கதை வழங்குகிறது. நகைக்குத் தொல்காப்பியர் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் இந்நாடகத்திற் கைவிரல் விட்டு எண்ணலாம். மடன் என்பதைப் பிறர் சொன்னதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல் எனக் கொண்டால் மார்லோவைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

ஆனால் இந்நகை மார்லோவைச் சும்மா விடுவதில்லை. தன் வகுப்புப் பெண்களின் முன் அவன் வாய் திறக்கமாட்டான்; பணிப்பெண்களிடமோ கட்டற்ற துணிச்சல். கேற் என்னும் தலைவியை முதன்முறை காணும்போது, ஒழுக்கத்தைப் பற்றிய கனத்த வாக்கியங்களைத் தொடங்கி முடிக்கமாட்டாமற் தடுமாறுகிறான். அவளே முடித்துக் கொடுக்கிறாள். அவள் முகத்தை அவன் ஒருமுறையேனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணீர் நாடகங்களின் உரையாடலையே கோல்ட்ஸ்மித் இங்கே கேலி செய்கிறார் என்பது வெளிப்படை. மாலையில், தந்தையின் விருப்பத்துக்காக எளிய உடை அணிந்திருந்த கேற்றைச் சத்திரத்துப் பணிப்பெண்ணென்று எண்ணி, அதே மார்லோ கைப்பிடித்து இழுக்கத் துணிகிறான். அரங்கம் சிரித்தது. அரங்கிலிருந்த இளங்கனவான்களில் எத்தனை பேர் தம்மையே கண்டிருப்பர்!

திருமதி ஹாட்காசில் இரவில் நாற்பது மைல் பயணஞ் செய்துவிட்டதாக எண்ணித் தன் வீட்டுத் தோட்டத்திலேயே நிற்கிறாள். மகன் டோனி வண்டியை வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறான். இருளில் வரும் கணவனை வழிப்பறிக் கள்வனென்று எண்ணி முழந்தாளிட்டு, தன்னைக் கொன்றாலும் தன் பிள்ளையை விட்டுவிடுமாறு மன்றாடுகிறாள். தாயொருத்தி மகன் உயிருக்காக மன்றாடும் காட்சி! கெலியின் கையிற் கிடைத்திருந்தால் கைக்குட்டைகள் நனைந்திருக்கும். கோல்ட்ஸ்மித் சிரிக்கவைத்துவிட்டார். அவளுடைய தாயன்பு பொய் என்பதனாலன்று. அன்பு மெய்யானது, ஆபத்துத்தான் பொய். ஆபத்துப் பொய்யாயிருக்கும்போது அழவைப்பது ஏமாற்று என்பது அவர் கொள்கை.

நான் பல முறை படித்தும் நெடுநாள் கவனியாது விட்ட இடம் ஒன்று நான்காம் அங்கத்தில் உண்டு. தான் செய்த தவறு தெரியவந்து மார்லோ புறப்பட ஆயத்தமாகிறான். கேற் இன்னும் ஏழை உறவுப்பெண்ணாக நடிக்கிறாள். அவன் போவதற்காக அழுவதுபோல நடிக்கிறாள். மார்லோ திகைத்து நிற்கிறான். நற்குடிப் பெண்ணொருத்தி தன்மீது இரக்கங் காட்டுவதை வாழ்க்கையில் முதன்முறையாகக் காண்பதாகத் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அவன் குரல் மாறுகிறது. அதன்பின்பே அவன் அவளை மனிதப் பிறவியாகப் பார்க்கிறான். கண்ணீரை அரங்கிலிருந்து விரட்ட எழுதிய நாடகத்தின் திருப்பம் ஒரு துளிக் கண்ணீரில் இருக்கிறது! அத்துளி பொய், அது எழுப்பிய உணர்ச்சி மெய். பார்வையாளர் அழவில்லை. அவள் நடிப்பதை அறிந்து சிரித்துக்கொண்டே, அவன் மாறுவதை அவர்கள் காண்கின்றனர். ஆகையால் 1770இன் கவிஞரும் 1773இன் நாடகாசிரியரும் இருவேறு மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏழையைக் கண் நிமிர்ந்து பாராத வகுப்பினரை ஒருவர் ஓபேர்னிலும், மற்றவர் ஹாட்காசிலின் வீட்டிலும் விசாரிக்கிறார்.

ஷெரிடனைப் பற்றி இங்கு விரித்துரைக்க இடமில்லை. 1777 மே மாதம் ட்ரூரி லேனில் மேடையேறிய ‘அவதூறுப் பள்ளி’யில் அறநெறி வாக்கியங்களை வாய் ஓயாது பேசும் ஜோசப் சர்பேசின் உள்ளத்தை, விழும் திரைத்தட்டி ஒன்று வெளிப்படுத்திவிடுகிறது; கண்ணீர் நாடகத்துக்கு அதைவிடப் பலத்த அடி விழுந்ததில்லை. அதே ஷெரிடன் 1788 சூனில், வாரன் ஹேஸ்டிங்ஸ் விசாரணையில், அயோத்தி பேகங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நான்கு நாள் எடுத்துரைத்து, முடிவில் எட்மண்ட் பர்க்கின் கைகளிற் சாய்ந்தாராம். கேட்டோர் அழுதனர். 1795இல் ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அழுதவர்கள் எல்லோரும் நல்ல நாடகமொன்றைப் பார்த்த நிறைவோடு வீடு சென்றிருக்கவேண்டும்.

‘பணிந்து வென்றாள்’ பெருவெற்றி பெற்றது. ஜோன்சனுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. வெற்றியின் பலனை ஆசிரியர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1774 ஏப்ரல் 4ஆம் நாள், டெம்பிள் பகுதியில் தாம் குடியிருந்த அறைகளில் கோல்ட்ஸ்மித் காலமானார். 2000 பவுண் கடன் இருந்ததாக ஜோன்சன் எழுதினார். அவருடைய அறைக்குச் செல்லும் படிக்கட்டிலே, அவரிடம் அவ்வப்போது காசு பெற்றுவந்த வீடற்ற பெண்கள் அமர்ந்து அழுதனர் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். டெம்பிள் தேவாலயத்து நிலத்தில் அவரைப் புதைத்தபோது வந்திருந்தவர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் ஹியூ கெலி. 1768இன் பின் இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. கெலி அக்குழியருகே நின்று தேம்பி அழுதாராம்.